கீழே வந்துட்டேன்

மார்ச் 4, செவ்வாய்

இன்றைக்கும் வாஷிங் மெஷின்காரர்கள்தான். புகார்ப் பிரிவில் போன் எடுத்து எடுத்துக் காது கொதிக்கிறது. ஒருத்தர் அவர் வீட்டு மெஷினை நான்தான் கெடுத்து வைத்த மாதிரித் திட்டித் தீர்த்தார். "உங்க சிரமம் புரியுது சார்" என்றேன். புரியவும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. ஞாயிறு எப்போது வரும்?

மார்ச் 9, ஞாயிறு

ஏறினேன். பூங்காவின் பின்பக்கம், வேலியோரம் நிற்கிற பெரிய மரம். வீட்டுக்காரர் பஸ் ஓட்டக் கிளம்பியதும் நானும் கிளம்பிவிடுகிறேன். போனைப் பையில் போட்டு, பையை மரத்தடியில் வைத்துவிட்டுத்தான் ஏறுவது. மேலே மணி அடிக்கக் கூடாது.

முதல் கவட்டை வரைக்கும் மூச்சு வாங்கும். அதற்கப்புறம் கையை எங்கே பிடிக்க, காலை எங்கே வைக்க — வேறு நினைப்பே வராது. நாற்பத்து மூன்று வயதில் இது தேவையா? தேவைதான். அங்கே நான் யாருக்கும் பதில் சொல்ல வேண்டாம். கொஞ்சம் பயமாகவும் இருக்கிறது. அந்தப் பயமும் பிடித்திருக்கிறது.

மார்ச் 10, திங்கள்

மாட்டிக்கொண்டேன். நேற்று சாப்பிடும்போது மகள் என் தலையிலிருந்து ஒரு சுள்ளியை உருவினாள். "அம்மா, கூடு கட்டுறியா?"

சொல்ல வேண்டியதாயிற்று. இவர் கையைக் கழுவாமல் அப்படியே உட்கார்ந்திருந்தார். பல்பு மாற்ற நாற்காலியில் ஏறினாலே கால் உதறுகிற மனுஷன். எங்கள் வீட்டில் பல்பு என் வேலை. "தனியாவா? விழுந்தா யாருக்குடி தெரியும்?"

ஏறாதே என்று சொல்லவில்லை. ஏறும்போது "மேலே போறேன்" என்று ஒரு மெசேஜ். இறங்கியதும் "கீழே வந்துட்டேன்" என்று ஒன்று. நியாயமான பேச்சு. அதுதான் எரிச்சல்.

மார்ச் 16, ஞாயிறு

"மேலே போறேன்" அனுப்பினேன். ஏறி உட்கார்ந்து கண்ணை மூடினால் கீழே பை அலறுகிறது. விழுந்தடித்து இறங்கி எடுத்தேன். "என்ன, இன்னும் வரல?"

இங்கேயும் புகார்ப் பிரிவா?

மார்ச் 23, ஞாயிறு

ஒரு தந்திரம் செய்தேன். "மேலே போறேன்" அனுப்பிவிட்டுக் கீழேயே கொஞ்ச நேரம் உலாத்தினேன். "கீழே வந்துட்டேன்" அனுப்பினேன். அப்புறம் ஏறினேன். அப்பாடா! என்ன நிம்மதி. யாருக்கு என்ன நஷ்டம்?

மார்ச் 30, ஞாயிறு

இன்றைக்கும் அதே தந்திரம், இரண்டு மெசேஜையும் அனுப்பிவிட்டுத்தான் ஏறினேன். பட்டுப்போன கிளை. பார்க்க நன்றாகத்தான் இருந்தது. காலை வைத்ததும் முறிந்து, நான் சறுக்கி, வலது கால் கவட்டையில் சிக்கிக்கொண்டது. இரண்டு கையாலும் மரத்தைக் கட்டிக்கொண்டு தொங்குகிறேன். கத்தினேன். அந்தப் பக்கம் ஈ காக்காய் இல்லை.

கீழே போன் அடித்தது. நின்றது. மறுபடி அடிக்கவில்லை. ஏன் அடிக்கணும்? நான்தான் எப்பவோ எறங்கிட்டேனே! பாவி, நீயே உன் வாயால சொன்னியே!

ஒரு கையால் ஷூ லேசை அவிழ்த்துக் காலை உருவினேன். மரத்தோடு உராய்ந்துகொண்டே வந்து விழுந்தேன். முழங்கைத் தோல் போச்சு. கணுக்கால் வீங்கிவிட்டது. ஷூ மேலேயே இருக்கிறது, இருக்கட்டும்.

மார்ச் 31, திங்கள்

எல்லாவற்றையும் சொன்னேன், தந்திரத்தையும். இவர் மருந்து போட்டு முடித்துவிட்டுச் சொன்னார்:

"விழுந்ததுக்குக் கோபமில்ல. 'கீழே வந்துட்டேன்'னு பாத்துட்டு நான் நிம்மதியா டீ குடிச்சிட்டிருந்தேன்டி."

அவ்வளவுதான். கத்தியிருக்கலாம்.

ஏப்ரல் 3, வியாழன்

பேச்சுவார்த்தை மகள் மூலமாக. "அம்மா, அப்பாவுக்கு உப்பு வேணுமாம்."

ஏப்ரல் 12, சனி

"இனிமே ஏறல. போதுமா?" என்றேன்.

"அதுவும் பொய்தான்" என்றார்.

அழுகை வந்துவிட்டது. உண்மையைச் சொன்னேன்: எனக்கு அது வேணும். வாரம் பூரா எல்லாருக்கும் காது கொடுக்கிறேன், ஒரு மணி நேரம் எவனுக்கும் இல்லாம இருக்கணும்.

"நானும் வரேன்" என்றார்.

"நீங்க கீழ நின்னு பாத்துட்டிருந்தா அது தனியா ஏறுறது இல்லீங்க."

"நான் எங்க பாக்கப் போறேன்? அண்ணாந்தாலே எனக்குத் தலை சுத்தும்."

ஏப்ரல் 27, ஞாயிறு

கால் சரியாகிவிட்டது. இவர் ஞாயிறு வேலையை வேறொரு டிரைவரோடு மாற்றிக்கொண்டார்.

முதலில் நான் தாழ்ந்த கிளையில் நின்று கூப்பிட, அவர் குரல் கேட்காமல் போகிற வரைக்கும் தள்ளித் தள்ளி நடந்தார். பிறகு குரல் கேட்கிற தூரத்துக்குக் கொஞ்சம் திரும்பி வந்தார். அங்கே ஒரு பெஞ்சு. அங்கிருந்து பார்த்தால் மரம் தெரியும், நான் தெரிய மாட்டேன். செருப்பைக் கழற்றிவிட்டுப் பேப்பரை விரித்துக்கொண்டார்.

ஒவ்வொரு கிளையையும் உலுக்கிப் பார்த்துத்தான் ஏறினேன். மேலே அதே அமைதி. சத்தியமாக அதேதான், நான் எதிர்பார்க்கவே இல்லை.

அப்புறம் என்ன தோன்றியதோ, "ஏங்க!" என்று ஒரு குரல் கொடுத்தேன். கேட்கிறதா என்று பார்க்கத்தான்.

பேப்பர் ஒரு பக்கம் பறக்க, வெறுங்காலோடு ஓடி வந்தார். மரத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, தலை சுற்றுகிற மனுஷன், அண்ணாந்து அண்ணாந்து தேடுகிறார். "எங்கடி? எங்க இருக்க?" முகத்தில் ரத்தமே இல்லை.

"ஒண்ணுமில்லீங்க. சும்மாதான்."

திட்டுவார் என்று பார்த்தேன். மரத்தில் சாய்ந்து அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

இனிமேல் சும்மா கூப்பிட மாட்டேன்.