கேக்கின் மேல் பொம்மை

மே 12, திங்கள்

மூன்றாம் அறைக் கிழவர் இன்றும் "உன் நாட்டுக்குப் போ" என்றார். இதே ஜெர்மனியில், ஹம் நகரில் பிறந்தவள் எங்கே போவது? அவர் முகத்தைத் துடைத்துக் காப்பி கொடுத்துவிட்டு வந்தேன். முதியோர் இல்லத்தில் இதுவும் வேலைதான்.

வீட்டில் அப்பா காத்திருந்தார். போன சனிக்கிழமை மக்டலீன் சித்தியின் மகளுக்குச் சாமத்திய வீடு, பூப்பு விழா. மண்டபம், இயந்திரப் புகை, வெள்ளைக் குதிரை வண்டி, அடுக்கடுக்காகக் கேக். நடுவில், கொட்டாவியை விழுங்கிக்கொண்டு பன்னிரண்டு வயதுப் பிள்ளை. அவள் பெரியபிள்ளையானதை ஊருக்கே விளம்பரம் செய்ய அவளிடம் யார் கேட்டார்கள்? வீட்டுக்கு வந்து வரைந்தேன்: கேக்கின் உச்சியில் பொம்மையாக ஒரு பிள்ளை, சுற்றிலும் கத்தியோடு சொந்தக்காரர். யாருக்கும் முகம் வரையவில்லை. இன்ஸ்டகிராமில் போட்டேன்.

"அழிச்சுப்போடு பிள்ளை. சித்தி அழுறா."

"நான் கீறினது பொய்யோ அப்பா?"

"உண்மையெண்டா? எல்லா உண்மையையும் கீறோணுமோ?"

மே 15

அழிக்கவில்லை.

மே 18, ஞாயிறு

தேவாலயத்தில் தமிழ்ப் பூசை. நான் இருந்த வாங்கில் வேறு யாரும் வந்து இருக்கவில்லை. அப்பாவும் பாடகர்களுக்குப் பக்கத்தில் போய் நின்றுகொண்டார்.

டெக்சாஸிலிருந்து மாமி மகன் ஜோன்சன் போன் எடுத்தான். அவனுடைய பல்கலைக்கழக வாசலில் ஒருவன் ஒலிபெருக்கியோடு நின்று, போகிற பெண்களையெல்லாம் வேசை என்று கத்துவானாம். பொலிஸ் பக்கத்தில் நிற்குமாம் – அவனை யாரும் அடித்துவிடாமல் பார்க்க!

"கேக்கவே ஏலாது மச்சாள். ஆனா அவன்ர வாய்க்குப் போடுற பூட்டையும் திறப்பையும் ஆரிட்டக் குடுக்கிறது? நாளைக்கு அதே ஆள் என்ர வாயையும் பூட்டுவான்."

அந்தச் சுதந்திரத்தின் மேல் பொறாமையாக இருந்தது. தூரத்திலிருந்து கேட்க நன்றாகத்தான் இருக்கிறது.

மே 21

இப்போது தூரமில்லை.

தபோதரன் அண்ணை – குதிரை வண்டியும் புகை இயந்திரமும் வாடகைக்கு விடுகிறவர் – எங்கள் ஆட்களின் வாட்ஸ்அப் குழுவில் ஒரு படம் கீறிப் போட்டிருக்கிறார். என் முகம், கையில் கழிவறைத் தூரிகை, முன்னால் உடுப்பில்லாத வெள்ளைக் கிழவன். கீழே: "கிழவன்மாருக்குக் கழுவுறவ எங்கட பிள்ளையளுக்குப் புத்தி சொல்ல வாறா."

வரிசையாகச் சிரிக்கும் முகங்கள். சித்தியும்.

அப்பாவும் அந்தக் குழுவில் இருக்கிறார். ஒரு சொல் எழுதவில்லை.

ஓம், கழுவுறன்தான். நாளைக்கு உனக்கு ஆர் கழுவுறது?

மே 22

"பொலிசில் முறைப்பாடு கொடு" என்றாள் கூட வேலை செய்யும் யூலியா. "இது ஜெர்மனி. ஆளை அவமதிப்பது இங்கே குற்றம்."

போனில் பொலிசின் முறைப்பாட்டுப் பக்கத்தைத் திறந்து என் பெயரை எழுதினேன். அவருடைய பெயரையும். அனுப்பவில்லை.

பெருந்தன்மை ஒன்றும் கிடையாது. அவர் இன்றைக்குச் செத்தால்கூடப் போகமாட்டேன். ஆனால் நான் அவருடைய படத்தைக் காட்டினால் சித்தப்பா என்னுடைய படத்தைக் காட்டுவார். பிறகு எது பகிடி, எது அவமதிப்பு என்று யாரோ ஒரு அதிகாரி சொல்லுவார். அந்தத் திறப்பை நானே கொண்டுபோய்க் கொடுப்பதா?

மே 25, ஞாயிறு

சமரசம். எங்கள் வரவேற்பறையில் அப்பா, சித்தப்பா, தபோதரன் அண்ணை. ரோல்ஸ், தேத்தண்ணி. எங்கள் ஆட்களுக்கு எந்தச் சண்டையும் ரோல்ஸோடு முடியவேண்டும்.

"நீர் அதை அழியும், நான் இதை அழிக்கிறன். சரிக்குச் சரி."

"நீங்கள் அழிக்க வேண்டாம் அண்ணை. நானும் அழிக்கமாட்டன்."

"உமக்கென்ன விசரோ?"

அப்பா என்னைப் பார்த்தார். "உன்னை அப்பிடிப் போட்டது ஊர் முழுக்கச் சுத்தட்டுமோ பிள்ளை?"

"சுத்தட்டும். நீங்களும் பாத்துக்கொண்டுதானே இருந்தனீங்கள்."

அதற்குப் பிறகு யாரும் ரோல்ஸ் எடுக்கவில்லை.

ஜூன் 3

அப்பா எனக்குச் சாப்பாட்டை மூடி வைத்துவிட்டு வேலைக்குப் போகிறார். பேச்சில்லை. இப்போது என்னோடு அதிகம் பேசுகிறவர் மூன்றாம் அறைக் கிழவர்தான். அதுவும் "போ" என்று.

ஜூன் 14, சனி

இன்னொரு சாமத்திய வீடு. அப்பாவுக்கு மட்டும் அழைப்பு. திரும்பி வந்தவர் வெள்ளித்தாளில் சுற்றிய கேக்கை மேசையில் வைத்தார்.

"தபோதரன் திரும்பவும் உன்னைக் கீறிப் போட்டிருக்கிறான். இந்தமுறை கிழவன்மார் வரிசையில நிக்கினம்."

"ம்."

"கீழ நானும் எழுதினனான்."

போனை நீட்டிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"கழுவுறவ என்ர மகள். நாளைக்கு நானும் அந்த வரிசையிலதான் நிப்பன். – பீலிக்ஸ்."

இரண்டு தரம் வாசித்துவிட்டுப் போனைத் திருப்பிக் கொடுத்தேன்.

"உன்ர படம் எனக்கு இப்பவும் பிடிக்கேல்லை பிள்ளை."

"ஓம் அப்பா."

இரண்டு தட்டு எடுத்து வைத்தேன்.