மேசைப் பெயர்ச்சியைத் திரும்பத் தரக் கோருதல்

அனுப்புநர்:
சலவைக்கடை உரிமையாளர்,
கடற்கரைச் சாலைத் திருப்பம்,
தபால் பெட்டிக்கு எதிரில்.

பெறுநர்:
ஆணையர் அவர்கள்,
நகராட்சி அலுவலகம்,
மாடி, வலப்பக்க அறை.

பொருள்: கடலோர உணவகத்தின் மேசைகள் தளத்தோடு திருகாணியால் பிணைக்கப்பட்டது – அதனால் சாப்பிட வருவோர் முழங்கால் வரை நனைவது – மனுதாரர் தனிப்பட்ட முறையிலும் பாதிக்கப்பட்டிருப்பது – வரும் பௌர்ணமிக்குள் திருகாணிகளைக் கழற்றித் தரக் கோருவது – தொடர்பாக.

பார்வை: இதே மனுதாரரின் முந்தைய மனுக்கள் (தெருவிளக்கு, அடைபட்ட சாக்கடை, மீண்டும் தெருவிளக்கு).

மதிப்பிற்குரிய ஐயா,

1. என் கையெழுத்தைக் கண்டதும் தங்கள் அலுவலகத்தில் யாராவது ஒருவர் தலையில் கை வைத்துக்கொள்வார் என்பதை அறிவேன். விளக்கு இப்போது நன்றாக எரிகிறது, அதற்கு நன்றி. இது வேறு விஷயம்.

2. கலங்கரை விளக்கத்துக்கு இறங்கும் சரிவின் கீழே உள்ள உணவகத்தைத் தாங்கள் அறிந்திருக்கலாம். உள்ளே பீர் ஊற்றும் நீளப் பலகை, வெளியே கடலை ஒட்டிய சிமெண்டுத் தளம், தளத்தில் பன்னிரண்டு மரமேசைகள். பலகைக்குப் பின்னால் முதலாளியம்மா நிற்பார். சமைப்பவர் அவருடைய கணவர். அவருடைய முகத்தை எங்களில் பாதிப்பேர் பார்த்ததில்லை. ஜன்னல் வழியே தட்டோடு ஒரு கை நீளும், அந்தக் கையை வைத்தே அவர் நல்லவர் என்று முடிவு செய்திருக்கிறோம். பரிமாறுகிறவர் ஒரே ஒருவர். எந்த மேசை கூப்பிட்டாலும் ‘வந்துட்டேன்’ என்று குரல் கொடுத்துவிட்டு வேறு மேசைக்குப் போவார் என்பதால் அவருக்கு ‘வந்துட்டேன்’ என்றே பெயர் நிலைத்துவிட்டது. மீன் வறுவல், சூப், ரொட்டி, உருளைக்கிழங்கு வறுவல், இவ்வளவுதான் அங்கே கிடைக்கும். இதற்குமேல் எதையும் யாரும் கேட்டதில்லை.

3. பௌர்ணமி, அமாவாசையை ஒட்டிய மாலைகளில் கடல் ஏறி, தளத்தின் முன்பாதிக்கு வந்துவிடும். தண்ணீர் முதல் மேசையின் காலைத் தொட்டதும் முதலாளியம்மா கரண்டியால் வாணலி மூடியில் ஓங்கித் தட்டுவார். உடனே எல்லாரும் எழுந்து, தட்டு, தம்ளர், சூப் எதையும் எடுக்காமல், மேசைக்கு நாலு பேராகத் தூக்கிச் சுவரோரம் கொண்டுபோய் வைப்போம். எதையும் எடுத்துவிட்டுத் தூக்குவது கௌரவக் குறைச்சல். சூப்பைச் சிந்துகிறவர் பக்கத்து மேசைக்கு ஒரு தட்டு வறுவல் வாங்கித் தர வேண்டும். சுவரோரம் இருக்கும் இடமோ பாதிதான். ஆகவே இடைவெளிகளில் எல்லாம் மேசைகளைச் சொருகி, அந்நியர்கள் எல்லாம் ஒரே பந்தியாக உட்கார்ந்து, கடல் இறங்கும் வரை சாப்பிடுவோம். இதற்கு எங்களுக்குள் ‘மேசைப் பெயர்ச்சி’ என்று பெயர். மற்றப் பெயர்ச்சிகளுக்குப் பலன் சொல்லப் புத்தகம் உண்டு. எங்கள் பெயர்ச்சியின் பலனை நாங்களே அனுபவித்துத் தெரிந்துகொண்டோம். வங்கிக்காரர் ஒருவருக்கு இதில் சதுரங்கத் துணை கிடைத்தது. ஜென்மப் பகையாக இருந்த இரண்டு தையற்காரர்கள் ஒரே சூப்பைக் காப்பாற்றப் போய்ப் பேச ஆரம்பித்தார்கள்.

4. இந்நிலையில் சென்ற மாதம் தங்கள் பொறியாளர் வந்தார். மேசைகள் கண்டபடி அலைவதால் நடைபாதை ஒழுங்கு கெடுகிறது என்று கூறி, பன்னிரண்டையும் இரும்புப் பட்டையும் திருகாணியும் கொண்டு தளத்தோடு இறுக்கி, ஒவ்வொன்றின்மேலும் மஞ்சள் வண்ணத்தில் எண் எழுதிவிட்டுப் போனார். அவர்மேல் எனக்குக் கோபம் இல்லை. மரியாதையான மனிதர், மீனைச் சாப்பிட்டுப் பாராட்டிவிட்டுத்தான் போனார். வேலையும் சுத்தமான வேலை, நானே ஆட்டிப் பார்த்தேன். ஆனால் அவர் வந்தது பகல் வேளை, கடல் நன்றாக உள்வாங்கியிருந்த நேரம். அந்தத் தளத்துக்குக் கடலும் ஒரு வாடிக்கையாளர் என்பதை அவருக்கு யாரும் சொல்லவில்லை.

5. அடுத்து வந்த அமாவாசையன்று என்ன ஆயிற்று என்பதை நேரில் கண்டவள் என்ற முறையில் தெரிவிக்கிறேன். முதலாளியம்மா பழக்கத்தில் மூடியைத் தட்டிவிட்டார். நாங்களும் பழக்கத்தில் எழுந்து ஆளுக்கொரு மூலையைப் பிடித்து மூச்சைப் பிடித்துத் தூக்கினோம். மேசை அசையவில்லை, வங்கிக்காரரின் இடுப்புதான் பிடித்துக்கொண்டது. முன்வரிசைக்காரர்கள் காலை நாற்காலிமேல் மடக்கி வைத்து, தவத்தில் இருப்பவர்கள் மாதிரி சாப்பிட்டார்கள். காப்பீட்டு முகவர் ஒருவரின் இடது செருப்பு மிதந்து போயிற்று. அவர் அதை நோக்கிக் கடைசிவரை கையசைத்துக்கொண்டிருந்தார். சிரிப்புக்குக் குறைவில்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அன்று ஒவ்வொருவரும் அவரவர் மேசையிலேயே சாப்பிட்டு, அவரவர் வீட்டுக்குப் போனோம்.

6. இனி என் சொந்தப் பாதிப்பு. இதை எழுதாமல் விடவே நினைத்தேன். ஆனால் பாதிப்பைத் தெளிவாகக் குறிப்பிடாத மனு குப்பைக்குத்தான் போகும் என்பது சாக்கடை விவகாரத்தில் தங்கள் அலுவலகமே எனக்குக் கற்பித்த பாடம். நான் சுவரோரம் ஏழாம் எண் மேசையில் அமர்பவள். நாள் முழுக்க நின்று இஸ்திரி போடுகிறவளுக்கு முதுகு சாய ஒரு சுவர் வேண்டும். முன்வரிசையில் இரண்டாம் எண் மேசையில் பேருந்து நிலையத்தின் நேரக் காப்பாளர் ஒருவர் அமர்வார். சாப்பிடும்போதாவது பேருந்து தெரியாத பக்கமாக உட்கார வேண்டும் என்பது அவர் கொள்கை. எதைச் சாப்பிட்டாலும் மிளகுத்தூள் கேட்பார் என்பதால் அவர் எங்களுக்கு ‘மிளகுக்காரர்’. மனைவியை இழந்தவர், ஒரே மகளைக் கட்டிக்கொடுத்தவர். நானும் கணவரை இழந்து பல வருடங்கள் ஆயின. தம்பி வீட்டு மாடியில் குடியிருக்கிறேன்.

7. தனியாகச் சாப்பிடுகிறவரின் மேசைக்கு நாலு தோள் எங்கிருந்து வரும்? அவர் ஒரு மூலை, வந்துட்டேன் ஒரு மூலை, பீர்ப் பலகையிலிருந்து யாராவது ஒருவர் ஒரு மூலை. நாலாவது மூலை என் பொறுப்பாயிற்று. தூக்கிய மேசை ஒவ்வொரு முறையும் என் மேசைக்குப் பக்கத்து இடைவெளிக்கே வந்து சேர்ந்ததைத் தற்செயல் என்றே நெடுநாள் நம்பினேன். பிறகு ஒருநாள், முதலாளியம்மாவின் கரண்டி அந்த இடைவெளியைச் சாடையாகக் காட்டுவதைப் பார்த்துவிட்டேன். பார்க்காதது போல் இருந்துவிட்டேன். இவ்வாறாக மாதம் இரண்டு முறை அவரும் நானும் அடுத்தடுத்து அமர்ந்து சாப்பிட்டோம். அவர் பேருந்துகளைப் பற்றிச் சொல்வார், நான் சட்டைகளைப் பற்றிச் சொல்வேன். இரண்டிலும் இவ்வளவு சிரிக்க இருக்கிறது என்பது எனக்கு அதுவரை தெரியாது. அந்த மாலைகளில் நான் கிளம்பும்போது என் தம்பி மனைவி வாசலில் நின்று, “அக்கா, சாப்பிடப் போறீங்களா, இல்ல பரிசு வாங்கப் போறீங்களா? மடிப்பு கத்தி மாதிரி நிக்குது” என்பாள். சலவைக்கடைக்காரி கசங்கிப் போனால் தொழில் என்ன ஆகும் என்று பதில் சொல்லிச் சமாளித்துவந்தேன்.

8. திருகாணிக்கு முந்தைய பௌர்ணமியன்று, கடல் இறங்கத் தொடங்கிய வேளையில், அவர் மிளகு டப்பாவைக் கீழே வைத்துவிட்டு, என்னிடம் ஒன்று கேட்க வேண்டும் என்றார். அந்த நேரம் பார்த்து வந்துட்டேன் உண்மையிலேயே வந்துவிட்டார். அவர் தட்டுகளை எடுத்து முடிக்க மேசைகளைத் திருப்பித் தூக்கும் நேரமாகிவிட்டது. “பரவால்ல, அடுத்த பெயர்ச்சில கேட்டுக்கறேன்” என்றார் மிளகுக்காரர். அடுத்த பெயர்ச்சி நடக்கவில்லை. அமாவாசையன்று அவர் தண்ணீருக்கு நடுவே காலை மடக்கிக்கொண்டு அங்கேயும், நான் காய்ந்த காலோடு இங்கேயும் இருந்தோம். அவர் மிளகு டப்பாவை என் பக்கம் தூக்கிக் காட்டினார். நான் ரொட்டியைத் தூக்கிக் காட்டினேன். அவ்வளவுதான் எங்களால் முடிந்தது.

9. எழுந்துபோய்ப் பக்கத்தில் உட்கார வேண்டியதுதானே என்று தாங்கள் கேட்கலாம். ஐயா, இந்த ஊர்ச் சட்டைகளில் பாதி என் கடைக்குத்தான் வருகின்றன. நான் ஒரு மாலை எழுந்து நாலடி நடந்தால், மறுநாள் ஒவ்வொரு சட்டையோடும் ஒரு கேள்வி சேர்ந்து வரும். கடல் நகர்த்தினால் யாரும் எதுவும் கேட்பதில்லை. கடல்மேல் யாருக்கும் சந்தேகம் இல்லை. அவரும் என்னைவிடக் கூச்சக்காரர். பேருந்து நிலையத்தில் அதட்டி அதட்டியே தொண்டை கட்டியவர், உணவகத்தில் மிளகு கேட்கக் கையைத்தான் தூக்குவார்.

10. காலம் அதிகம் இல்லை என்பதால் இதையும் சொல்லிவிடுகிறேன். கடல் இல்லாத தூரத்து ஊரில் இருக்கும் அவருடைய மகள், வேலையை விட்டுவிட்டுத் தன்னோடு வந்துவிடும்படி அழைத்திருக்கிறாளாம். மாதக் கடைசிக்குள் பதில் சொல்வதாக இவர் ஒப்புக்கொண்டிருக்கிறாராம். வந்துட்டேன் மூலம் அறிந்தேன். அன்று முழுவதும் எனக்கு வேலை ஓடவில்லை. ஒரு வக்கீலின் வெள்ளைச் சட்டையில் இஸ்திரிப் பெட்டியின் முகம் அப்படியே பதிந்துவிட்டது. மாதக் கடைசிக்கு முன் மிஞ்சியிருப்பது ஒரே ஒரு பௌர்ணமி. அவர் கேட்க நினைத்தது என்ன என்று எனக்குத் தெரியாது. சட்டையில் கறை போக்கும் வழியாகக்கூட இருக்கலாம். எதுவாயினும் அதைக் கேட்காமல் அவர் பேருந்து ஏறிவிட்டால் எனக்குத் தாங்காது. இதில் அலுவல் நடை எனக்குக் கைகொடுக்கவில்லை, மன்னிக்கவும்.

11. ஆகவே, வரும் பௌர்ணமிக்குள் பன்னிரண்டு மேசைகளின் திருகாணிகளையும் கழற்றித் தருமாறு கேட்டுக்கொள்கிறேன். நடைபாதைப் பக்கம் ஒரு மேசையும் வராமல் பார்த்துக்கொள்வதாக முதலாளியம்மா உறுதி கூறியிருக்கிறார். பன்னிரண்டும் முடியாது என்றால், இரண்டாம் எண் மேசையையாவது விடுவிக்க வேண்டும். அன்றைய தினம் தாங்களும் வந்து ஒரு மூலையைப் பிடிக்கலாம். சூப் மட்டும் சிந்தாமல் பார்த்துக்கொள்ளவும்.

தங்கள் நல்ல முடிவையும் ஒரு நல்ல ஸ்பானரையும் எதிர்பார்த்திருக்கும்,

(ஒப்பம்)
சலவைக்கடை உரிமையாளர்

இடம்: சலவைக்கடை
நாள்: வெள்ளிக்கிழமை, காலை

பின்சேர்க்கை:

12. மேற்படி மனுவை இன்று மதியம் நேரில் கொண்டுவந்தேன். தங்கள் எழுத்தர் முழுவதையும் படித்தார், பத்தாம் பத்தியை இரண்டாம் முறை படித்தார். பிறகு, பொது இடம் சம்பந்தப்பட்ட மனு என்பதால் பாதிக்கப்பட்ட இன்னொருவரும் கையொப்பமிட வேண்டும் என்று கூறித் திருப்பித் தந்துவிட்டார். நனைந்தவர் யாராக இருந்தாலும் போதுமா என்று கேட்டேன். இரண்டாம் எண் மேசைக்காரர்தான் பொருத்தம் என்றார். சட்டத்தில் அப்படி இருக்கிறதா என்று எனக்குச் சந்தேகம்தான்.

13. மாலை மனுவோடு உணவகத்துக்குப் போனேன். இன்று கடல் ஏறும் நாள் அல்ல; தண்ணீர் எங்கோ தூரத்தில் இருந்தது. மடித்த மனுவை ஏழாம் எண் மேசையில் வைத்துக்கொண்டு, இரண்டாம் எண் மேசையையே பார்த்தபடி வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன் போலிருக்கிறது. சூப்பை வைக்க வந்த வந்துட்டேன் என் காதருகே குனிந்து, “அக்கா, மேசையைத்தானே முடுக்கிட்டுப் போனாங்க. நாற்காலி சும்மாதான் இருக்கு” என்றார். இத்தனை பத்தி எழுதியவளுக்கு இது தோன்றவில்லை. பொறியாளர் நாற்காலிகளைத் தொடவே இல்லை என்பதை இதன்மூலம் பதிவு செய்கிறேன்.

14. நாற்காலியைத் தூக்கினேன். அந்தத் தளத்தில் இருந்தவர்கள் எல்லாரும் என் பக்கம் திரும்பினார்கள். வங்கிக்காரர் சதுரங்கக் காயைக் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தார். இரண்டாம் எண் மேசையருகே நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து, ஒரு கையொப்பம் தேவைப்படுகிறது என்று தெரிவித்தேன். படிக்காமல் எதிலும் கையெழுத்துப் போடுவதில்லை என்று கூறி அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டார். செருப்பு இடத்தில் சிரித்தார். பத்தாம் பத்தியில் சிரிக்கவில்லை. முடித்ததும் மனுவை ஒழுங்காக மடித்து வைத்துவிட்டு, போன பௌர்ணமிக்குக் கேட்க இருந்ததைக் கேட்டார்.

“கடல் வராத நாள்லயும் உங்க மேசையில உக்காரலாமா?”

15. உட்காரலாம் என்றேன். உள்ளேயிருந்து முதலாளியம்மா வாணலி மூடியை ஓங்கி ஒரு தட்டு தட்டினார். தண்ணீர் இல்லாத தளத்தில் எல்லாரும் எழுந்து நின்றுவிட்டு, ஏன் எழுந்தோம் என்று தெரியாமல் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். ஜன்னலில் நீண்ட சமையல்காரரின் கை உள்ளே திரும்பிப் போகவே இல்லை. தட்டோடு அப்படியே நின்றது. மகளுக்கு இன்றிரவே பதில் எழுதுவதாக மிளகுக்காரர் சொல்லியிருக்கிறார். வர முடியாது என்றும், வேண்டுமானால் அவள் இங்கே வந்து எங்களோடு சாப்பிடலாம் என்றும்.

16. ஆகையால் என் கோரிக்கையில் ஒரு சிறு திருத்தம். பதினொரு மேசைகளின் திருகாணிகளைக் கழற்றித் தாருங்கள். மற்ற மேசைகளில் யார் யாரிடம் கேட்க என்ன வைத்திருக்கிறார்கள் என்று நமக்குத் தெரியாது. அவர்களுக்குக் கடல் தேவைப்படும். ஏழாம் எண் மேசையை மட்டும் அப்படியே விட்டுவிடலாம். எங்களைப் பொறுத்தவரை அது இருக்கும் இடத்திலேயே இருக்கட்டும்.

மூன்றாம் பக்கத்தில் சிதறியிருப்பது மிளகுத்தூள், தட்டிவிட்டுப் படிக்கவும்.

(ஒப்பம்) சலவைக்கடை உரிமையாளர்
(ஒப்பம்) நேரக் காப்பாளர், பேருந்து நிலையம்

இடம்: ஏழாம் எண் மேசை
நாள்: அதே வெள்ளிக்கிழமை, மாலை