மாவட்டம் மாறிய பிள்ளை

என் ஆசை அக்கா,

நீ கண்ணை மூடிய இந்த நாலு வருடத்தில் உனக்கு நான் எழுதும் முதல் கடிதம் இது. நல்ல செய்தியோடு எழுதலாம் என்றுதான் காத்திருந்தேன்.

உன் மகள் துளசிக்கு மருத்துவபீடம் கிடைக்கவில்லை. முள்ளியவளையில் அவளோடு ஒரே வாங்கில் இருந்து படித்தாளே கஸ்தூரி, உயர்தரப் பரீட்சையில் துளசியைவிடக் குறைந்த இசட் புள்ளி எடுத்தவள், அவளுக்குக் கிடைத்திருக்கிறது.

எப்படி என்று கேட்கிறாயா? பல்கலைக்கழகத்துக்குள் எடுக்கும் வெட்டுப்புள்ளி ஒவ்வொரு மாவட்டத்துக்கும் வேறு. எங்கள் முல்லைத்தீவுக்குக் குறைவு, யாழ்ப்பாணத்துக்கு அதிகம். பிள்ளை எங்கே படித்ததோ அந்த மாவட்டம்தான் கணக்கு. துளசி எடுத்த புள்ளி இங்கே தாராளமாகக் காணும். ஆனால் சாதாரணதரப் பரீட்சை முடிந்த கையோடு அவளை யாழ்ப்பாணத்தில் கொண்டுபோய் விடுதியில் விட்டவன் நான்தானே.

அவள் அன்றைக்கே சொன்னாள். "மாமா, நான் இஞ்சயே படிக்கிறன். கஸ்தூரியும் இஞ்சதானே."

"இஞ்ச கெமிஸ்ட்ரிக்கு ரீச்சரே இல்லை. பேசாமல் உடுப்பை அடுக்கு" என்று அதட்டினேன். என் வாய் உனக்குத் தெரியாததா?

இனி உள்ளதை எழுதக் கை வரவில்லை அக்கா. அவளின் விடுகைப் பத்திரம் எடுக்கப் போனபோது பள்ளிக்கூட அதிபர் என்னைக் கதிரையில் இருத்தி, "தம்பி, மாவட்டம் மாறினா வெட்டுப்புள்ளியும் மாறும். பிள்ளையோட கதைச்சுப்போட்டு வாங்கோ" என்றார். நான் கதைக்கவில்லை. பின்தங்கிய மாவட்டம் என்ற சலுகையில் என் மருமகள் டொக்டர் ஆகத் தேவையில்லை, எங்கிருந்து எழுதினாலும் எடுப்பாள் என்று நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு கையெழுத்து வைத்தேன். யாருக்காக அந்த வீம்பு?

வெட்டுப்புள்ளி வந்த அன்று கஸ்தூரி கேக்கோடு வந்தாள். துளசி சிரித்தபடி ஒரு துண்டை எடுத்து அவளுக்கு ஊட்டிவிட்டாள். அவள் போனபிறகு குழாயைத் திறந்து விட்டுவிட்டு அழுதாள். நான் குசினிக்குள் அடுப்படியில் நின்று கேட்டேன். வெளியே வரத் துணிவில்லை.

போன கிழமை பக்கத்து வீட்டு மாமி, "உன்ர மாமன்தானே உன்னைக் கெடுத்தது" என்றார். துளசி சண்டைக்கே போய்விட்டாள். "மாமாவுக்கு இது தெரியாது. தெரிஞ்சிருந்தா என்னை அங்க விட்டிருப்பாரோ?"

அன்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை.

பரீட்சையைத் திரும்ப எழுது என்று கெஞ்சிப் பார்த்தேன். "யாழ்ப்பாணத்துப் பிள்ளையள் எடுத்தவைதானே. எனக்கு அவ்வளவு மூளை இல்லை மாமா, விடுங்கோ" என்கிறாள். புத்தகங்களை எல்லாம் அக்கராயனில் ஒரு பிள்ளைக்குக் கொடுக்கக் கட்டி வைத்துவிட்டாள். நாளைக்கு வந்து எடுப்பார்களாம்.

நான் வாய் திறக்காவிட்டால் அவள் என்னை வெறுக்க மாட்டாள். ஆனால் தன்னை ஒரு மொக்கு என்று நம்பியே வாழ்ந்துவிடுவாள். அதைப் பார்த்துக்கொண்டிருக்க என்னால் முடியுமா?

பயமாக இருக்கிறது அக்கா. எனக்கென்று இருப்பது அவள் ஒருத்திதான். ஆனாலும் அந்த ஆட்கள் வருவதற்கு முன் அவளை இருத்தி, அதிபர் சொன்னதையும் நான் மறைத்ததையும் ஒன்றுவிடாமல் சொல்வேன். இது உனக்கு நான் தரும் வாக்கு.

உன் தம்பி,
நாளைக் காலை வரைக்கும் துளசிக்கு மாமா.