தரையில் உட்கார்ந்தவருக்கு

அல்சூர்,
13-9-1954

ஆனேக்கல் உபதேசியாராகிய என் வீட்டுக்காரருக்கு, கர்த்தருடைய சமாதானம் உங்களோடு இருப்பதாக. நான் சுகமாக இருக்கிறேன். நீங்கள் வேளைக்குச் சாப்பிடுகிறீர்களா?

உங்கள் கடிதம் கிடைத்தது. ஜெபத்துக்கு இரண்டு குடும்பங்கள்தான் வருகின்றன, கன்னடத்தில் பிரசங்கம் செய்தால் நாக்கு தடுமாறுகிறது, பிள்ளைகள் சிரிக்கிறார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். சிரிக்கட்டும். சிரிக்கிறவர்கள் எழுந்து போகாமல் கேட்கிறார்கள் அல்லவா? கடைசியில் எழுதியிருந்ததைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை. என் பிரசவத்துக்குள் அல்சூருக்குத் திரும்ப வேண்டும், அதற்காகச் சபைக் கமிட்டியாரிடம் மன்னிப்புக் கேட்டுவிடலாம் என்று நினைக்கிறீர்களாமே!

கமிட்டிச் செயலாளர் ஓஸ்வால்ட் ஐயாவும் போன வாரம் இதற்காகவே வீட்டுக்கு வந்தார். உங்களை அவர்கள் ஆனேக்கலுக்கு மாற்றக் காரணமான அந்த ஞாயிறு நடந்ததை, எனக்குத் தெரியாதது போலப் புதிதாகச் சொன்னார். முனிசிபாலிட்டியில் தெருக் கூட்டும் சந்திரம்மா வேலைச் சேலையோடு முன் பெஞ்சில் உட்கார்ந்தாளாம். பெரிய வீட்டு அம்மாக்கள் அவளைப் பின்னால் தரைக்கு அனுப்பினார்களாம். நீங்கள் வேதப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு இறங்கிப் போய், அவள் பக்கத்தில் தரையிலேயே உட்கார்ந்து பிரசங்கம் செய்தீர்களாம். அது அகம்பாவமாம், சபைக்கு அவமானமாம். "சபை நடுவுல எழுந்து ஒரு வார்த்தை மன்னிப்புக் கேட்டுடட்டும்மா. அடுத்த வருஷமே குருப்பட்டத்துக்கு நாங்க சிபாரிசு பண்றோம். ஊழியக்காரனுக்குத் தாழ்மை வேணும்" என்றார்.

"தரையில உட்கார்ந்தவரு அதுக்கும் கீழே எங்கேங்க இறங்குறது?" என்று கேட்டேன்.

அவர் முகம் கறுத்துவிட்டது. "சரிம்மா, அப்போ சபை வீட்டைக் காலி பண்ணிடுங்க" என்றார். சாவியை அப்போதே அவர் கையில் கொடுத்துவிட்டேன். இப்போது சந்திரம்மா வீட்டில் இருக்கிறேன். ஒரே அறைதான். கட்டிலை எனக்குக் கொடுத்துவிட்டு அவள் கீழே படுக்கிறாள். எவ்வளவு சொல்லியும் கேட்பதில்லை.

அழுததும் அவள்தான். "என்னாலதானேம்மா இத்தனையும். இனிமே நான் கோயிலுக்கே வரல" என்றாள். நான் விடவில்லை. நேற்று ஆராதனைக்குக் கையைப் பிடித்து அழைத்துப் போய், அதே முன் பெஞ்சில் அவளை உட்காரவைத்து நானும் உட்கார்ந்தேன். பெஞ்சில் இருந்தவர்கள் ஒவ்வொருவராக எழுந்து போய்விட்டார்கள். முதல் பாட்டை அந்தப் பெஞ்சில் நாங்கள் இருவர் மட்டுமே பாடினோம். அப்புறம் மிஷன் ஆஸ்பத்திரி நர்ஸ் நோரா அம்மா பின்னாலிருந்து வந்து, "கொஞ்சம் தள்ளி உட்காரு சந்திரம்மா" என்று சொல்லி எங்களோடு உட்கார்ந்தார். ஓஸ்வால்ட் ஐயா பார்த்துக்கொண்டே இருந்தார். எங்களை எழுப்ப யாரும் வரவில்லை.

என் பிரசவத்தைத் தானே பார்ப்பதாக நோரா அம்மா சொல்லிவிட்டார். ஆகவே என்னைக் காரணம் காட்டி அவர்கள் முன் போய் நிற்காதீர்கள். குருப்பட்டம் வராமலே போகட்டும். உங்களை ஊழியத்துக்கு அழைத்தது கமிட்டி அல்ல. அந்த இரண்டு குடும்பங்களையும் பொறுமையாகப் பாருங்கள். கன்னடம் தானாக வரும். அங்கே யார் வீட்டு வாசலில் வேண்டுமானாலும் பணிந்து நில்லுங்கள், எனக்குப் பெருமைதான். செய்யாத தப்புக்கு மட்டும் பணியாதீர்கள்.

இத்தனை வீறாப்பாக எழுதிவிட்டேன். ஆனால் வலி எடுத்தால் நான் உங்களைத்தான் கூப்பிடுவேன். அது ஆனேக்கல் வரைக்கும் கேட்காது. அதனால் நாள் நெருங்கும்போதே பஸ் ஏறிவிடுங்கள். பிள்ளையைப் பார்க்க வாருங்கள். மன்னிப்புக் கேட்க வராதீர்கள்.

கர்த்தர் உங்களைத் தாங்குவாராக.

உங்கள் ஜெபத்தில் தன்னையும் நினைக்கக் கேட்கும்,
வள்ளியம்மா