அஞ்சலிக் கூட்டத்தில் கடைசி வரிசை

ஜூன் 9
பேனர் நூலக வாசலில் ஏறிவிட்டது. 'மாவிலேரி கோவிந்தனுக்கு அஞ்சலி'. கீழே, தொடர்புக்கு: செயலாளர் ப்ரசீதா, என் எண். அவருடைய படகுத்துறை நாவலைப் படிக்காமல் இருந்திருந்தால் நான் இந்த நூலகத்துப் பக்கமே வந்திருக்க மாட்டேன். நினைவுரையும் நான்தான்.

ஜூன் 10

மத்தியானம் ஒரு போன். வயதான குரல், மகளைக் கூப்பிடுகிற மாதிரி. "மோளே, உங்க பேனர்ல இருக்கிற ஆள்தான் பேசறேன். படம் ரொம்பப் பழசு."
யாரோ விளையாடுகிறார்கள் என்று வைத்துவிட்டேன். சந்தேகம் தாங்காமல் பதிப்பகத்தில் கேட்டேன். "இருக்காரே, மகள் வீட்டுல!"
ஐயோ. வாட்ஸப்பில் வந்த சாவுச் செய்தியை அப்படியே நம்பினேனே! இருபது வருஷமாக எதுவும் எழுதாதவர், இருக்கமாட்டார் என்று நானே முடிவு கட்டிவிட்டேனா? அவருக்கு ஏற்கெனவே இதய நோயாம். இந்த அதிர்ச்சியில் ஏதாவது ஆகிவிட்டால்?

ஜூன் 11
நூலகத் தலைவர் தம்பான் வாத்தியாரிடம், எங்களுக்கெல்லாம் மாஷ், சொன்னேன். "எம்.எல்.ஏ. தேதி குடுத்தாச்சு. 'அஞ்சலி' மேல 'பாராட்டு'ன்னு ஒரு தாள் ஒட்டு. முடிஞ்சது கதை. நல்ல வேளை, அவர் படத்துக்கு இன்னும் யாரும் மாலை போடல!"
சிரிப்பு வரவில்லை. பயந்து பயந்து கோவிந்தனை போனில் கூப்பிட்டு மன்னிப்புக் கேட்டேன்.
"எதையும் ஒட்டாதே மோளே. உயிரோட இருக்கறப்ப அந்தப் புத்தகத்தப் பத்தி யாரும் வாயத் தெறக்கல. செத்தாத்தான் பேசுவீங்கன்னா, அதையும் கேட்டுடறேன். கடைசி வரிசைல உக்காந்துக்கறேன்."

ஜூன் 13
தாள் ஒட்டவில்லை; அவர் இஷ்டப்படியே அஞ்சலியாக நடக்கட்டும் என்று மாஷும் விட்டுவிட்டார். அவரிடம் வர வேண்டாம் என்று சொல்லத் தைரியமில்லை. வந்தால் பேசத் தைரியமில்லை.

ஜூன் 14
வந்துவிட்டார். வேட்டி, குடை. யாருக்கும் அடையாளம் தெரியவில்லை. மௌன அஞ்சலிக்கு எல்லோரும் எழுந்தபோது அவரும் எழுந்து நின்றார்.
எழுதி வைத்ததெல்லாம் மறந்துபோனது. நாவலில் என்னை உலுக்கிய ஒரே இடத்தைச் சொன்னேன். படகு கவிழ்ந்த செய்தி கேட்டதும் அம்மிணி சிரிக்கிற இடம். என் அண்ணன் செத்த அன்று நானும் அப்படித்தான் சிரித்தேன். எனக்குப் பைத்தியம் என்றார்கள். அதைப் படித்த பிறகுதான் நான் பைத்தியமில்லை என்று தெரிந்தது. சொல்லிக்கொண்டே வந்து உளறிவிட்டேன் - "மன்னிக்கணும், அவர் சாகல. அதோ, அங்க இருக்கார்."
எல்லோரும் திரும்பினார்கள். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தார்.
தேநீர் குடிக்கும்போது சொன்னார்: "அந்தச் சிரிப்பு சரியா வரதுக்கு ரெண்டு மழைக்காலம் துறையிலயே கிடந்தேன். எழுதி எழுதிக் கிழிச்சேன். யாரும் கவனிக்கலன்னே நினைச்சிருந்தேன்."

ஆகஸ்ட் 30
காலையில் அவர் மகள் கூப்பிட்டாள். இந்த முறை நிஜம்.
"அஞ்சலிக் கூட்டம் எப்ப வெக்கலாம்?" என்றார் மாஷ்.
"வெச்சாச்சு மாஷே. அவரே வந்து கேட்டுட்டுப் போனாரே."
சொன்ன பிறகுதான் அழுகை வந்தது.