தாளின் பின்பக்கம்

வேலூர்
2.6.2025

அன்புள்ள புகழேந்தி சார்,

வணக்கம். உங்கள் வீட்டம்மா நலமா?

உங்கள் முதல் கடிதம் வந்தது. மூன்று வரி எழுத ஒன்றரை மணி நேரம் ஆனதாக வீட்டம்மா போனில் சொன்னார்கள். பக்கவாதம் வந்து ஐந்தாம் மாதமே வலது கை பேனா பிடிக்கிறதென்றால் சின்ன விஷயமா? என் பெயர்தான் நண்டு ஊர்ந்த மாதிரி இருக்கிறது. சிவப்பில் வட்டம் போட்டிருக்கிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள்.

பதினைந்து நாளைக்கு ஒருமுறைதான் நான் ஆம்பூர் வர முடியும். அதனால் வாரம் ஒரு கடிதம் எழுதுங்கள். அதன் பின்பக்கத்திலேயே பதில் எழுதித் திருப்பி அனுப்புவேன். தாள்களை அடுக்கி வைத்தால் கை எப்படித் தேறியது என்று நீங்களே பார்க்கலாம்.

மணிக்கட்டில் கட்டும் மணல் பை அரை கிலோதான். அதைக் கூட்டுவது பிசியோதெரபிஸ்ட் பிரேம்நாத் சாரின் முடிவு. நான் வெறும் உதவியாளர். இனி உதவியாளர்களும் பதிவு எண் இல்லாமல் வேலை பார்க்கக் கூடாதாம். ஆறு வருஷ அனுபவச் சான்றோடு பதிவுக் குழுவுக்கு விண்ணப்பித்திருக்கிறேன். என் மேல் ஒரு புகாரும் இருக்கக் கூடாது. நான் ஜெபம் செய்கிறேன், நீங்கள் முருகனிடம் ஒரு வார்த்தை சொல்லுங்கள்.

இப்படிக்கு,
கிறிஸ்டினா


ஆம்பூர்
9.7.2025

அன்புள்ள கிறிஸ்டினாம்மா,

நீ திட்டுவாய் என்று தெரியும். இருந்தாலும் சொல்கிறேன்.

போன வாரம் எங்கள் ஷூ கம்பெனி கட்டிங் செக்‌ஷனிலிருந்து ஆபித் பாஷா பார்க்க வந்தான். என் சூப்பர்வைசர் நாற்காலியில் இப்போது அவன்தான். “பொறுமையா வாண்ணே, இன்னா அவசரம்? செக்‌ஷன நான் பாத்துக்குறேன்” என்கிறான். சிரிப்பு வேறு. எனக்கு வயிறு எரிந்தது. அவன் போனதும் மணல் பையைத் தூக்கி எறிந்துவிட்டு, தோல் வெட்டும் பழைய இரும்பு அச்சு இரண்டை மணிக்கட்டில் கட்டிக்கொண்டு கையைத் தலைக்கு மேல் தூக்கினேன். மூன்று நாள் செய்தேன். நேற்றுத் தோளில் பட்டென்று ஒரு சத்தம். இப்போது சட்டை மாட்ட முடியவில்லை. மேசைமேல் கையைக் கிடத்தித்தான் இதை எழுதுகிறேன்.

யாரிடமும் சொல்லாதே. சொன்ன பேச்சைக் கேட்காதவன் என்று தெரிந்தால் கம்பெனி டாக்டர் என்னை வேலைக்கு லாயக்கில்லை என்று எழுதிவிடுவார். நீ எனக்குப் பிறக்காத மகள்.

உன்
புகழேந்தி


(அதே தாளின் பின்பக்கம்)
வேலூர்
12.7.2025

அன்புள்ள சார்,

புத்தி இருக்கிறதா உங்களுக்கு? நாளைக்கே ஸ்கேன் எடுங்கள். பிரேம்நாத் சாரிடம் நீங்களே உண்மையைச் சொல்லிவிடுங்கள். நானாகச் சொல்ல மாட்டேன். மறைப்பது தப்பு என்று தெரிந்தேதான், உங்கள் முகத்துக்காக வாயை மூடிக்கொள்கிறேன்.

இந்த முறை எழுத்தைத் திருத்தவில்லை, மனசு வரவில்லை.

கிறிஸ்டினா


வேலூர்
25.8.2025

அன்புள்ள புகழேந்தி சார்,

பதிவுக் குழுவிலிருந்து புகாரின் நகல் வந்தது. ‘உதவியாளர் கிறிஸ்டினா தன்னிச்சையாக எடையைக் கூட்டியதால் என் தோள்பட்டை ஜவ்வு கிழிந்தது’ என்று உங்கள் கைப்பட இருக்கிறது. என் பெயரில் இப்போது கோணலே இல்லை. நான் பிடித்துப் பழக்கிய கை, சார்.

யாராவது மிரட்டி எழுத வைத்தார்களா? செப்டம்பர் பதினைந்தாம் தேதி விசாரணை. அதுவரை வேலைக்கு வர வேண்டாம் என்றுவிட்டார்கள். உண்மையை நீங்களே எழுதியிருக்கிறீர்கள் என்றேன். ‘எங்கே அந்தக் கடிதம்?’ என்றார் பிரேம்நாத் சார். திருப்பி அனுப்பிவிட்டேன் என்றதும் சிரித்துவிட்டார்.

ஜூலை ஒன்பதாம் தேதித் தாளை மட்டும் அனுப்புங்கள். கெஞ்சிக் கேட்கிறேன்.

கிறிஸ்டினா


ஆம்பூர்
1.9.2025

கிறிஸ்டினாம்மா,

என்னை யாரும் மிரட்டவில்லை. ஸ்கேனைப் பார்த்துவிட்டு, இத்தனை எடை கட்டியது யார் என்று கம்பெனி டாக்டர் கேட்டார். நானே அச்சைக் கட்டினேன் என்றால் வீட்டுக்கு அனுப்பிவிடுவார். நீ என்று சொன்னேன். அப்படியானால் எழுதிக் கொடு என்றார், கொடுத்தேன். அக்டோபரில் நாற்காலி திரும்ப எனக்குத்தான். ஆபித் பாஷா முகத்தைப் பார்க்கணுமே.

நீ கேட்கும் தாளை வெந்நீர் அடுப்பில் போட்டு மாசமாகிறது. எனக்கு வயசு ஐம்பத்தி மூன்று, வேறெங்கே போவேன்? உனக்கு வயசிருக்கிறது. கையைக் காலைப் பிடித்துவிடும் வேலைக்கு இத்தனை அழுகையா? எங்கள் கம்பெனி ஸ்டிச்சிங்கில் பெண்களை எடுக்கிறார்கள். நான் ஒரு வார்த்தை சொன்னால் போதும்.

வழக்கம்போல் எழுத்தைத் திருத்தி, தாளைத் திருப்பி அனுப்பிவிடு.

புகழேந்தி


வாலாஜாபேட்டை
8.9.2025

திரு. புகழேந்தி அவர்களுக்கு,

வேலையில்லாததால் ஊருக்கு வந்துவிட்டேன். இதைப் புதுத் தாளில் எழுதியிருக்கிறேன், கவனித்திருப்பீர்கள். உங்கள் தாள் என்னிடமே இருந்துவிட்டது. பின்பக்கம் காலியாக இருக்கிறது. சிவப்பில் வட்டம் போட முன்பக்கத்திலும் ஒன்றும் இல்லை, யார் வேண்டுமானாலும் தடங்கலில்லாமல் படிக்கலாம்.

அதன் அசல் இன்று பதிவுக் குழுவுக்குப் போகிறது. நகல் உங்கள் கம்பெனி டாக்டருக்கு.

ஜூலையில் நான் மறைத்ததையும் சேர்த்து எழுதிவிட்டேன். அதற்காகவே எனக்குப் பதிவு எண் கிடைக்காமல் போகலாம். போனால் உங்கள் நாற்காலியும் கூடவே போகும் என்று நினைத்தால் மனசுக்கு இதமாக இருக்கிறது. இப்படி ஆகிவிட்டேனே என்று நேற்றுச் சர்ச்சில் அழுதேன். அழுது முடித்து வந்துதான் உறையை ஒட்டினேன்.

எழுதும் பயிற்சியை விட்டுவிடாதீர்கள். கம்பெனியிலிருந்து விளக்கம் கேட்டுக் கடிதம் வரும். பதிலை நீங்களே உட்கார்ந்து எழுதுங்கள். கைக்கு நல்லது.

கிறிஸ்டினா