சேமி பொத்தானை எடுத்த வருடம்

ஜூன் 9, 2025, திங்கள்

காலையிலிருந்து கரண்ட் இல்லை. மடிக்கணினியில் மிச்சமிருந்த சார்ஜை நம்பி வரைந்து முடித்துவிட்டேன். எரோன் மென்பொருளில் எழுதும் பகுதிக்குப் புது முகம். இனி ஒரு கோடுகூட மாற்றுவதாக இல்லை.

மேலே நெருக்கியடித்துக்கொண்டிருந்த குட்டிப் படங்கள் எல்லாம் போய்விட்டன. ஒரே வரிசை, ஒவ்வொரு படத்துக்கும் கீழே சொல். ‘பத்தி இடைவெளி’ இனிமேல் ‘பத்தி இ…’ என்று பாதியில் தொங்காது. தமிழுக்கு இடம் போதவில்லை என்றால் பொத்தானை அகலமாக்கு, சொல்லை வெட்டாதே என்று மூன்று வருடமாகக் கத்தி வாங்கியது இது. பிரெஞ்சுச் சொற்களும் நீளம், அவர்களுக்கும் அதனால் நிம்மதிதான். நன்றி சொன்னவர் யாருமில்லை, அது வேறு.

எனக்குப் பெரிய பெருமை எதில் என்றால், சேமி பொத்தானையே தூக்கிவிட்டேன். எழுத எழுத அதுவே சேமித்துக்கொள்ளும். மூடும்போது ‘சேமிக்கவா, வேண்டாமா’ என்று கழுத்தை அறுக்காது. கரண்ட் போனாலும் எழுதியது போகாது. காரைக்காலில் உட்கார்ந்து வரைகிறவளுக்குத்தான் இது தோன்றும்.

ஜூன் 11, புதன்

இணையக் கூட்டம். கிறிஸ்தோஃப் அண்ணன் லியோனிலிருந்து முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டே வந்தார். எரோனைத் தொடங்கியவர் அவர். இலவசம், திறந்த மூலம், யார் வேண்டுமானாலும் திருத்தலாம் — ஆனால் கடைசி வார்த்தை அவருடையது. இந்த ஊரில் பிறந்து பிரான்சுக்குப் போனவர். கூட்டம் முடிந்ததும் என்னிடம் மட்டும் தமிழில் பேசுவார்.

“ஆளுங்க பழகிட்டாங்க முத்தமிழ். பழகுனத ஏன் கலைக்கிற?”

கடைசியில் ஒரு நிபந்தனை போட்டார். தினமும் வேலை நடக்கிற ஒரு கடையில் என் வடிவம் ஒரு வாரம் தாக்குப்பிடிக்க வேண்டும். பிடித்தால் அக்டோபர் வெளியீட்டில் உலகம் முழுக்க அதுதான் முதலில் திறக்கும். இல்லாவிட்டால் அமைப்புகளுக்குள் ஒரு மூலையில், வேண்டுகிறவர்கள் தேடி எடுத்துக்கொள்ளலாம். அதாவது ஒருவரும் பார்க்க மாட்டார்கள். மூன்று வருடம் மூலைக்குப் போகும். விடுவேனா?

ஜூன் 16, திங்கள்

மாதா கோயில் வீதியில் நூர் அகமது பாயின் டைப்பிங் கடை. காரைக்காலிலேயே வேகமான கை தன்னுடையதுதான் என்று அவரே சொல்லிக்கொள்வார். புது எரோனைப் போட்டுக் கொடுத்தேன்.

“என்னம்மா இது, பல்லெல்லாம் புடுங்கின வாய் மாதிரி இருக்கு.”

மத்தியானம் அவரே போன் செய்தார். “கண்ணு வலிக்கல. அத மட்டும் சொல்லிக்கிறேன்.”

இது போதாதா!

ஜூன் 18, புதன்

போச்சு. எல்லாம் போச்சு.

பாய் வெற்றுத் தாளே திறப்பதில்லை. யாராவது ஒரு பழைய தாளோடு வந்து “இதே மாதிரி ஒண்ணு அடிச்சுக் குடுங்க” என்பார்கள். அவர் தன்னிடம் உள்ள மாதிரியைத் திறந்து, பெயரையும் கதவு எண்ணையும் மாற்றி, அச்செடுத்து, ‘சேமிக்க வேண்டாம்’ என்று மூடிவிடுவார். மாதிரி அப்படியே இருக்கும். என் எரோன் எதையும் கேட்காமல் சேமித்துக்கொண்டே போயிருக்கிறது. ஒவ்வொரு மாதிரிக்குள்ளும் கடைசியாக வந்தவர் குடியேறிவிட்டார்.

பிரெஞ்சு பென்ஷன்காரர்கள் வருடா வருடம் அனுப்பும் ‘உயிரோடு இருக்கிறேன்’ கடிதத்தை இன்று ஆந்துவான் என்ற பெரியவர் வாங்கியிருக்கிறார். காலையில் அதே மாதிரியில் ஓர் அம்மாவுக்கு அடித்தது உள்ளேயே இருந்திருக்கிறது. பெரியவர் நிதானமாகப் படித்துவிட்டு, “கணவரை இழந்தவர்னு போட்டிருக்கியே, நான் எப்பப்பா புருஷன் கட்டினேன்?” என்றாராம்.

கடையே சிரித்ததாம். பாய் சிரிக்கவில்லை. “பதினஞ்சு வருசமா சேத்த மாதிரிம்மா” என்றார். திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை.

ஏன்டி முத்தமிழ், ஒரு வார்த்தை கேட்டுட்டு அந்தப் பொத்தான எடுத்திருக்கக் கூடாதா? அவ்வளவு திமிரா உனக்கு?

ஜூன் 19, வியாழன்

எரோன் ஒவ்வொரு கோப்பின் முந்தைய வடிவங்களையும் ஒளித்து வைத்திருக்கும். கடையிலேயே உட்கார்ந்து ஒவ்வொன்றாக மீட்டேன். எல்லாம் கிடைத்துவிட்டது. பாய் டீ வாங்கிக் கொடுத்தார்.

கிறிஸ்தோஃப் அண்ணனிடமிருந்து மின்னஞ்சல்: பழைய பொத்தானைத் திரும்ப வை, மற்றதை அப்புறம் பேசலாம்.

வைக்க மாட்டேன். மூடும்போது கேட்பதே தப்பு. இந்தக் கடைக்கு வருகிறவர்கள் வேலை முடிந்த பிறகா சொல்கிறார்கள்? உள்ளே நுழையும்போதே சொல்லிவிடுகிறார்களே! நாள் முழுக்க என் காதில் அதுதானே விழுந்தது?

ஜூன் 21, சனி

பழைய கோப்பைத் தொட்டதும் இரண்டு பெரிய பொத்தான்கள். ‘இதைத் தொடர்’. ‘இதே மாதிரி இன்னொன்று’. இரண்டாவதை அழுத்தினால் மாதிரியை யாராலும் தொட முடியாது, நகல்தான் திறக்கும். அதில் போன தடவை மாற்றிய இடங்கள் மட்டும் மஞ்சளாக நிற்கும். பெயர், கதவு எண், ‘கணவரை இழந்தவர்’.

நான் கெட்டிக்காரிதான். எழுதி வைத்துக்கொள்கிறேன்.

ஜூலை 10, வியாழன்

மாங்கனித் திருவிழா. வீட்டில் எல்லோரும் ஊர்வலத்தில் வீசுகிற மாம்பழம் பிடிக்கப் போய்விட்டார்கள். நான் மஞ்சள் நிறத்தோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறேன்.

ஜூலை 25, வெள்ளி

பாய் கடையில் இரண்டாவது சோதனை போன வாரமே முடிந்தது. ஒரு புகாரும் இல்லை. கழற்றிவிட்டுப் பழையதைப் போடட்டுமா என்று சும்மா சீண்டினேன். “கைய வச்சுப் பாரு” என்றார்.

இன்று இணையக் கூட்டத்தில் வாக்கெடுப்பு. நான் மஞ்சள் இடங்களைக் காட்டிக்கொண்டிருக்கும்போதே போலந்துக்காரர் குறுக்கே வந்தார். அவர் அப்பா வக்கீலாம், வாழ்நாள் முழுக்கப் பழைய மனுவைத் திறந்துதான் புது மனு எழுதினாராம். பிரேசில் பெண் தங்கள் பள்ளி அலுவலகமும் அப்படித்தான் என்றாள். அதன் பிறகு ஆளாளுக்குப் பேச்சு. நான் ஏதோ எங்கள் ஊர்ப் பழக்கம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். உலகமே மாதிரியை வைத்துத்தான் பிழைக்கிறது!

எல்லோரும் கை தூக்கினார்கள். கிறிஸ்தோஃப் அண்ணன் கடைசியில். ஆங்கிலக் கூட்டத்தில், அத்தனை பேர் முன்னால், தமிழில் சொன்னார். “நான் சொன்னது தப்பு முத்தமிழ். இதுதான் முதல்ல தொறக்கணும்.”

கேமராவை அணைத்துவிட்டு அழுதேன். சந்தோஷமாக இருந்தது. அப்படியொரு சந்தோஷம்.

அக்டோபர் 6, திங்கள்

வெளியாகிவிட்டது.

நவம்பர் 13, வியாழன்

அம்மாவின் பிறப்புச் சான்றுக்காக நாகப்பட்டினத்தில் ஓர் அலுவலகம். கணினி முன்னால் ஒரு பெண், பெயரட்டையில் அஃபீஃபா. என் மனுவை வாங்கிக்கொண்டு ஒரு பழைய கோப்பைத் தொட்டாள். என் இரண்டு பொத்தான்களும் வந்தன. இரண்டாவதைத் தட்டினாள். மஞ்சள் இடங்களில் அம்மாவின் பெயர், ஊர், தேதி. அவள் அச்சை எடுத்து நீட்டும்வரை நான் திரையையே எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

வாயை அடக்க முடியவில்லை. “இதெல்லாம் உங்களுக்கு யார் சொல்லிக் குடுத்தா?” என்று கேட்டேன்.

ஒரு மாதிரியாகப் பார்த்தாள். “இதுல சொல்லிக் குடுக்க என்னங்க இருக்கு?”

ஒன்றும் இல்லைதான் என்றேன். பஸ்ஸில் வாஞ்சூர் எல்லை வரைக்கும் தனியாகச் சிரித்துக்கொண்டே வந்தேன்.